கேட்டுக்கு அந்தப் பக்கம்

அத்தியாயம் 14

அந்த வீட்டு மருமகள்கள் இருவரும் நேருக்கு நேர் பேசுவதை நிறுத்தி அன்றோடு பதினாறு நாள் ஆகியிருந்தது.

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்குக் காரணம் தெரியும். நடுவில் விட்டவர்களுக்காக நாலு வரி.

பெரியவள் இந்த ஊர் நகராட்சிக்கு ஆணையராக மாற்றலாகி வந்து ஐந்து மாதம். புகுந்த வீடு இருக்கும் ஊருக்கே வேலை அமைந்ததில் அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சின்னவள் அதே நகராட்சியின் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் ஆறு வருடமாகப் போன் எடுக்கிறாள். அண்ணன் தம்பி இருவரும் காலையில் தங்கள் மூக்குக் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தால் இருட்டிய பிறகுதான் வெளியே வருவார்கள். ஆக, வீட்டில் போரென்றாலும் சமாதானமென்றாலும் அது இந்த இரண்டு ஓர்ப்படிகளுக்கு நடுவில்தான்.

ஊருக்கு இரண்டாவது ஆம்புலன்ஸ் ஒன்று அனுமதியாகியிருந்தது. அதைக் கடைவீதிப் பக்கம் பழைய நூலகக் கட்டடத்தில் நிறுத்துவது என்று பெரியவள் முடிவு செய்திருந்தாள். பொறுப்பேற்ற பின் அவள் எடுத்த முதல் பெரிய முடிவு. ஒருநாள் சாப்பிடும்போது சின்னவள், "அக்கா, அந்த ஆம்புலன்ஸ் விஷயத்துல ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள். பகல் முழுக்க ஊர்க் குறைகளைக் கேட்டுக் காது புளித்துப் போயிருந்த பெரியவள், "வீட்டுக்கு வந்தும் அதேதானா? ஆபீஸ் விஷயத்தை ஆபீஸ்ல சொல்லு" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள்.

சின்னவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அவ்வளவுதான் சண்டை.

இனி இந்த வியாழக்கிழமைக்கு வருவோம். மாலை மூன்று மணிக்கு நகர்மன்றக் கூட்டம். ஆம்புலன்ஸ் விஷயம் அன்றுதான் தீர்மானத்துக்கு வருகிறது.

"மாமா, பால் அடுப்புல இருக்குன்னு அக்காகிட்ட சொல்லிடுங்க. எனக்கு ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு" என்றாள் சின்னவள். பெரியவள் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள்.

மாமனார் முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கும்படி பேசியே பழகிய தொண்டை.

"பெரியவளே! பால் அடுப்புல!"

எதிர் வீட்டுக்காரர்கள்கூட எழுந்து தங்கள் அடுப்பைப் பார்த்திருப்பார்கள்.

"காதுல விழுந்துது மாமா. தேங்க்ஸ்னு சொல்லிடுங்க."

"தேங்க்ஸாம்!"

"இருக்கட்டும்னு சொல்லுங்க மாமா."

"இந்தாங்க, எனக்குத் தொண்டை கட்டுது. ரெண்டு பேரும் சீக்கிரம் ஒரு வழிக்கு வாங்க. இல்லேன்னா பழையபடி எனக்கு ஒரு விசில் வாங்கிக் கொடுங்க, ஊதியே சொல்லிடறேன்."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. பெரியவளுக்கும் வந்தது. ஆனால் ஒருத்தி வாசல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். இன்னொருத்தி அடுப்பைப் பார்த்துச் சிரித்தாள்.

*

நகராட்சி அலுவலக மேலாளருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'முறைப்படி'. 'முறைப்படி பார்த்தா...' என்று தொடங்காமல் அவர் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்கமாட்டார்.

அன்று காலை தபால் கோப்பைப் பெரியவளின் மேசையில் வைத்துவிட்டு அவர் போகாமல் நின்றார்.

"என்ன சார்?"

"அம்மா, முறைப்படி பார்த்தா மேலே இருக்கற இந்தக் கடிதம் உங்ககிட்ட வந்திருக்கவே கூடாது. முதல்ல மேற்பார்வையாளர், அப்புறம் சுகாதார அலுவலர், அப்புறம் நான், அதுக்கப்புறம்தான் நீங்க. இவங்க நேரா தபால் பிரிவுல முத்திரை வாங்கி உங்க பேருக்கு அனுப்பிட்டாங்க. திருப்பி அனுப்பிடட்டுமா?"

பெரியவள் கடிதத்தைப் பார்த்தாள். வீட்டில் சின்னவள் மளிகைப் பட்டியல் எழுதும் அதே முத்து முத்தான கையெழுத்து.

'ஆணையர் அவர்களுக்கு. பொருள்: இரண்டாவது ஆம்புலன்ஸ் நிறுத்துமிடம். அறிவிப்புப் பலகையில் உள்ள அறிக்கையில், நூலகத்திலிருந்து ஊரின் எந்த இடத்துக்கும் சராசரி எட்டரை நிமிடத்தில் போகலாம் என்று கண்டிருக்கிறது. ஊரின் ஒரே ஆஸ்பத்திரியும் இப்போதுள்ள வண்டியும் ரயில் பாதைக்கு மேற்கே உள்ளன. நூலகமும் மேற்கேதான். கிழக்கே ஐந்து வார்டுகள் இருக்கின்றன. கடந்த ஆறு மாதத்தில் அந்த ஐந்து வார்டுகளிலிருந்து வந்த அழைப்புகள் 212. அவற்றில் 61 முறை ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்த 61 பேருக்கும் வண்டி போய்ச் சேர இருபது நிமிடத்துக்குக் குறையவில்லை. இரண்டு வண்டியும் மேற்கேயே நின்றால் இவர்களுக்கு எட்டரை நிமிடம் என்பது கிடையாது. கூட்டத்துக்கு முன் ஒருமுறை பார்க்க வேண்டுகிறேன். தொலைபேசிப் பணியாளர், முதல் ஷிஃப்ட்.'

முதலில் வந்தது கோபம்தான். இதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாதா? ஒரே சமையலறையில் நின்றுகொண்டு, ஒரே குழாயில் கை கழுவிக்கொண்டு, தபாலில் கடிதமா?

மறு நிமிடமே அவளுக்கு உறைத்தது. வீட்டில் சொல்லத்தான் வந்தாள். ஆபீஸில் சொல் என்று விரட்டியது யார்? சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறாள்.

"சார், நாம வண்டியை ஓட்டிப் பார்த்து நேரம் குறிச்சோமே, அது என்னிக்கு?"

"ஞாயிற்றுக்கிழமைம்மா. காலையில ஏழு மணி. ரோட்டுல கூட்டம் இருக்காது, வண்டி சுலபமா போயிட்டு வந்துடும்னு..." சொல்லிக்கொண்டே வந்தவரின் குரல் இறங்கியது.

"ஞாயிற்றுக்கிழமை சரக்கு ரயில் ஓடுமா?"

"ஓடாதுங்கம்மா."

பெரியவள் தன் அறிக்கையை எடுத்துப் பார்த்தாள். எட்டரை நிமிடம் என்ற எண்ணைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னது அவளேதான்.

"கடிதத்தைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அழைப்புப் பதிவேடு ஆறு மாசத்துக்கும் எடுங்க. இதுல இருக்கற கணக்கை நம்பாதீங்க. நீங்களே உக்காந்து எண்ணுங்க. ரெண்டரை மணிக்குள்ள எனக்கு வேணும்."

"இதை எழுதினவங்க உங்க..."

"ஆமா. அதனாலதான் நீங்க எண்ணணும்கறேன்."

*

கட்டுப்பாட்டு அறை சுகாதாரப் பிரிவுக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே இருந்தது. இரண்டு மேசை, நாலு தொலைபேசி, சுவரில் ஊர்ப் படம், ஒரு மின்விசிறி. ஐந்து மாதத்தில் பெரியவள் அங்கே காலடி வைத்தது அதுதான் முதல் தடவை. அது நினைவுக்கு வந்ததும் அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மேற்பார்வையாளர் பதறியடித்து எழுந்தார். டீ சொல்லட்டுமா என்றார், நாற்காலியைத் துடைத்தார்.

"ஒண்ணும் வேண்டாம். கொஞ்ச நேரம் உக்காந்து கேக்கறேன். இன்னொரு ஹெட்போன் இருக்கா?"

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். எழுந்து நின்று, "வணக்கம் மேடம்" என்றாள். பெரியவள் தலையசைத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பத்தே நிமிடம் போயிருக்கும். மணி பத்தே முக்கால். போன் அடித்தது.

ஒரு பெண் குரல். அழுகையும் பேச்சும் ஒன்றாகக் குழம்பியிருந்தன. வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அவள் புருஷன், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஏறியவன், ஏணி சறுக்கிக் கீழே விழுந்துவிட்டான். தலையில் ரத்தம். கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. வீடு நீரேற்று நிலையத்துக்குப் பக்கத்துத் தெரு. கேட்டுக்குக் கிழக்கே.

"வண்டியை அனுப்பிட்டேம்மா, கிளம்பிடுச்சு. இப்ப நான் சொல்றதை மட்டும் கேளுங்க. அவரைத் தூக்காதீங்க. திருப்பாதீங்க. தலையும் கழுத்தும் எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். சுத்தமான துணி ஒண்ணு எடுத்துட்டு வரச் சொல்லுங்க, ரத்தம் வர்ற இடத்துல லேசா அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்க. மூச்சு விடறாரா?"

"தெரியலையேம்மா... தெரியலையே..."

"நெஞ்சைப் பாருங்க. ஏறி இறங்குதா?"

"ஆ... ஆமா. இறங்குது."

"அதுதான் வேணும். இனிமே நீங்க வேற எதையும் பாக்காதீங்க. அவர் ஒவ்வொரு தடவை மூச்சு விடும்போதும் எனக்கு ஒரு 'ம்' சொல்லுங்க. அழணும்னா அழுங்க, ஆனா 'ம்' மட்டும் விடக்கூடாது. சொல்லுங்க."

"ம்..."

பெரியவள் அந்தக் குரலைக் கேட்டு அசந்துபோனாள். வீட்டில் பால் பொங்கினால் 'ஐயோ' என்று கத்துகிற சின்னவளா இது? எத்தனை வருடமாக இந்தப் பெண் தினமும் டிபன் டப்பாவோடு கிளம்பி இங்கே வந்துதான் உட்கார்ந்தாள்!

வண்டி ஓட்டுநரின் குரல் பக்கத்து வயர்லெஸ் பெட்டியில் கரகரத்தது. "கேட்டுக்கு வந்துட்டேன். மூடியிருக்கு. சரக்கு வண்டி. இப்பதான் எஞ்சினே தாண்டுது."

சின்னவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு தாளில் நேரம் குறித்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"ம்..." என்றது போன். "ம்..."

"நல்லா சொல்றீங்கம்மா. பக்கத்துல யார் இருக்காங்க? தம்பியா? அவரைத் தெரு முனைக்குப் போய் நிக்கச் சொல்லுங்க, வண்டிக்கு வழி காட்டட்டும். நீங்க 'ம்' சொல்லுங்க."

ஐந்து நிமிடம். எட்டு நிமிடம். பெரியவள் சுவர்க் கடிகாரத்தையும் சின்னவள் நேரம் குறித்த தாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரக்கு வண்டி போயிடுச்சு" என்றார் ஓட்டுநர். "ஆனா கேட்டைத் திறக்கலை. எதிர்ப்பக்கம் இன்னொண்ணு வருதாம்."

ஏதோ ஒரு இடத்தில் 'ம்' நின்றுபோனது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. பெரியவளின் கை தானாக நீண்டு சின்னவளின் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்தது.

"அம்மா? எங்க இருக்கீங்க? நெஞ்சைப் பாருங்க."

"பாக்கறேன்மா, பாக்கறேன். பக்கத்து வீட்டுக்காரங்க கார்ல தூக்கிப் போட்டுட்டுப் போலாம்கறாங்க, அவங்களைத் திட்டிக்கிட்டு இருந்தேன். ம்... ம்..."

"நல்லா திட்டினீங்க. இன்னும் வேணும்னாலும் திட்டுங்க. யாரையும் தொட விடாதீங்க."

பத்தொன்பது நிமிடம். பத்தொன்பதாவது நிமிடத்தில் போனுக்குள் வண்டிச் சத்தம் கேட்டது. ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு ஆண் குரல், 'தண்ணி' என்று முனகியது.

"கண்ணைத் திறந்துட்டார்மா! திறந்துட்டார்!"

"தண்ணி கொடுத்துடாதீங்க. வண்டியில வந்தவங்ககிட்ட விட்டுடுங்க, இனிமே அவங்க பாத்துப்பாங்க."

"அம்மா, உங்க பேரைச் சொல்லிட்டுப் போங்கம்மா. உங்க நம்பர் கொடுங்க."

"கட்டுப்பாட்டு அறைம்மா. இந்த நம்பர்தான். வச்சிடட்டுமா?"

ஹெட்போனைக் கழற்றி வைத்த பிறகுதான் சின்னவள் நாற்காலியில் சாய்ந்தாள். பதிவேட்டில் நேரத்தை எழுதப் பேனாவை எடுத்தாள், இரண்டு முறை தப்பாக எழுதி அடித்தாள்.

பெரியவள் எழுந்துபோய் மூலையில் இருந்த பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து வந்தாள். ஆணையர் தண்ணீர் மொண்டு கொண்டுவருவதைப் பார்த்து மேற்பார்வையாளருக்கு உட்காருவதா நிற்பதா என்று தெரியவில்லை.

"குடி" என்றாள் பெரியவள்.

பதினாறு நாளுக்குப் பிறகு, மாமனார் இல்லாமல், அவள் சின்னவளிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

சின்னவள் குடித்தாள். டம்ளரை வைத்துவிட்டு, "இந்த மாதிரி ஒரு நாளைக்கு ஒண்ணாவது வரும் மேடம்" என்றாள் மெதுவாக. "எல்லா நாளும் கண்ணைத் திறக்க மாட்டாங்க."

*

இரண்டரை மணிக்கு மேலாளர் வந்தார். சட்டைக் கையை முழங்கை வரை மடித்திருந்தார். மத்தியானச் சாப்பாடு சாப்பிட்ட முகமாகத் தெரியவில்லை.

"எண்ணிட்டோம்மா. அவங்க கணக்கு தப்பு."

பெரியவள் நிமிர்ந்தாள்.

"அறுபத்தொண்ணு இல்ல, அறுபத்துமூணு. ரெண்டை விட்டுட்டாங்க. அது ரெண்டும் இவங்க லீவுல இருந்த நாள்ல வந்தது." அவர் தாள்களை அடுக்கி வைத்தார். கேட் மூடியிருந்த ஒவ்வொரு அழைப்பும் தேதியோடு, வார்டோடு, நிமிடத்தோடு இருந்தது. சொல்லாமலே இருபது பிரதிகள் எடுத்தும் வைத்திருந்தார்.

"சார், இதுக்கு நான் உங்களுக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை. சாப்பிடக்கூடப் போகலை போலிருக்கு."

மேலாளர் போகாமல் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒண்ணு சொல்லணும்மா. எனக்கு இது முன்னாடியே தெரியும்."

"எது?"

"கேட் விஷயம். நான் குடியிருக்கறதே கேட்டுக்கு அந்தப் பக்கம்தான். இருபது வருஷமா தினமும் அந்தக் கேட்ல நின்னுட்டுத்தான் ஆபீஸ் வர்றேன்."

"அப்ப ஏன் சார் சொல்லலை?"

"நீங்க கேக்கலையேம்மா" என்றார் அவர். குற்றம் சொல்கிற குரல் இல்லை. உண்மையிலேயே அதுதான் காரணம். "அறிக்கையைச் சரிபார்க்கச் சொன்னீங்க. கூட்டல், கழித்தல், எழுத்துப் பிழை எல்லாம் பார்த்தேன். எல்லாம் சரியாத்தான் இருந்துது."

பெரியவள் இந்த ஐந்து மாதத்தில் தன் எதிரில் நின்று 'சரிங்கம்மா' சொன்னவர்களை எல்லாம் மனத்தில் ஓட்டிப் பார்த்தாள். அவர்களில் எத்தனை பேருக்கு எத்தனை விஷயம் தெரிந்திருக்கும்? தான் என்றைக்காவது, 'இதுல என்ன தப்பு இருக்கு, சொல்லுங்க' என்று ஒருவரையாவது உட்காரவைத்துக் கேட்டிருக்கிறோமா?

"இனிமே கேக்கறேன் சார்" என்றாள். "நான் கேக்கலேன்னாலும் நீங்க சொல்லணும்."

"முறைப்படி..." என்று ஆரம்பித்தவர், நிறுத்திக்கொண்டு, "சரிங்கம்மா" என்றார்.

*

நகர்மன்றத்தில் உறுப்பினர்களை வார்டு எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தலைவர் கடைவீதி வார்டுக்காரர். நூலகக் கட்டடம் அவர் வார்டில் இருந்தது. ஆம்புலன்ஸ் அங்கேதான் வருகிறது என்று அவர் தெருத்தெருவாகச் சொல்லி முடித்திருந்தார்.

ஒன்பதாவது பொருள் வந்ததும் பெரியவள் எழுந்தாள்.

"இந்த அறிக்கையை நான் திரும்ப வாங்கிக்கறேன். இதுல தப்பு இருக்கு. தப்பு என்னோடது."

அதிகாரிகள் வாயிலிருந்து அந்த மன்றத்தில் அடிக்கடி வரும் வாக்கியம் அல்ல அது.

தலைவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "காலையில ஒரு பேச்சு, சாயந்திரம் ஒரு பேச்சா அம்மா? ஊர் பூரா சொல்லியாச்சு."

"தெரியும் தலைவரே. வண்டியை நிறுத்தினதுக்கு அப்புறம் மாத்தறதைவிட, இப்ப என் முகத்துல கொஞ்சம் கரி பூசிக்கறது நல்லது."

மேலாளர் பிரதிகளைக் கொடுத்துக்கொண்டே வந்தார். பெரியவள் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டிப் பார்த்த கதையைச் சொன்னாள். அறுபத்துமூன்று அழைப்புகளைச் சொன்னாள். நீரேற்று நிலையத்தில் காலியாக இருக்கும் காவலாளி அறையில் வண்டியை நிறுத்தலாம் என்றாள்.

"கிழக்கே நிறுத்தினா மட்டும் என்ன?" என்றார் தலைவர். "ஆஸ்பத்திரி மேற்கேதானே இருக்கு? ஆளை ஏத்திக்கிட்டு அதே கேட்டுலதானே வந்து நிக்கணும்?"

நியாயமான கேள்வி. பெரியவளுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது.

"நிக்கணும். ஆனா தனியா நிக்க மாட்டாங்க. வண்டியில ஆக்ஸிஜன் இருக்கும், முதலுதவி தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருப்பார். இன்னிக்குக் காலையில கிழக்கே ஒரு அம்மா பத்தொன்பது நிமிஷம் புருஷனோட நெஞ்சைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க, போன்ல ஒரு குரலைத் தவிர துணை இல்லாம. நான் பக்கத்துல இருந்து கேட்டேன்."

"எங்க பக்கத்துக்கு இதுல நஷ்டம் இருக்கா இல்லையா?"

"இருக்கு. மறைக்க மாட்டேன். ரெண்டாவது வண்டி நூலகத்துல நின்னா மேற்கு வார்டுகளுக்குக் கிடைச்சிருக்கக்கூடிய ஒன்றரை நிமிஷம் இப்ப கிடைக்காது. அந்த ஒன்றரை நிமிஷத்தை உங்ககிட்ட கேட்டு வாங்கத்தான் நிக்கறேன்."

ஏழாம் வார்டு எழுந்தது. யார் எது சொன்னாலும் எழுகிற வார்டு அது. "இந்தக் கடிதம் எழுதினது யார்? ஆணையரம்மா வீட்டு ஆள்னு பேசிக்கறாங்களே, உண்மையா?"

"உண்மை. எங்க வீட்டுச் சின்ன மருமகள். வீட்ல சொல்ல வந்தாங்க, நான் காது கொடுக்கலை. அதனால எழுதிக் கொடுத்திருக்காங்க." சில பேர் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். "சொந்தக்காரங்க சொல்லிட்டாங்கன்னு நான் மாத்தலை. மேலாளர் தனியா எண்ணியிருக்கார். பதிவேடு வெளியில இருக்கு, நீங்களும் எண்ணலாம். ஆனா ஒண்ணு குறிப்புல வரணும்னு கேட்டுக்கறேன். இந்தத் தப்பைக் காட்டினது முதல் ஷிஃப்ட் தொலைபேசிப் பணியாளர். அவங்களுக்கு இந்த நிர்வாகம் கடமைப்பட்டிருக்கு."

ஏழாம் வார்டு பிரதியைக் கண்ணாடிக்கு அருகே வைத்துப் படித்தது. "இதுல என் மச்சினர் வீடு இருக்கே" என்றது யாரிடமோ. "அவருக்கு நெஞ்சு வலி வந்த அன்னிக்கு. இருபத்தாறு நிமிஷமா?"

கை தூக்கச் சொன்னார்கள். தலைவர் எல்லோரையும் பார்த்தார், தாளைப் பார்த்தார், நீளமாக ஒரு மூச்சு விட்டார். அவர் கையும் உயர்ந்தது. பதின்மூன்று ஆதரவு, ஏழு எதிர்ப்பு.

வெளியே வரும்போது அவர் பெரியவளை நிறுத்தினார். "என் தெருவுல போய் இதைச் சொல்றது யார்? நான் போனா கல்லெடுத்து அடிப்பாங்க."

"சனிக்கிழமை நானே வர்றேன் தலைவரே. அடிச்சா ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கிக்கலாம்."

"வாங்க" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களுக்குப் பின்னால இப்படித் தப்பைக் காட்ட ஆள் இருக்கு. எனக்கெல்லாம் கைதட்டத்தான் ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

*

பெரியவள் வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. சின்னவள் சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பெரியவள் கைப்பையை வைத்துவிட்டு, அவள் எதிரில் உட்கார்ந்து ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டாள்.

"வெல்டிங்காரருக்குக் கால் எலும்பு முறிவு. தலையில ஒன்பது தையல். பிழைச்சுட்டார். ஆஸ்பத்திரியிலேருந்து விசாரிச்சேன்."

"நானும் விசாரிச்சேங்க்கா."

இரண்டு காய் உரிபட்டது.

"அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள் பெரியவள். "நீ கோச்சுக்கிட்டு வாயை மூடியிருந்தா, நான் அந்த அறிக்கையைத்தான் இன்னிக்கு நிறைவேத்தியிருப்பேன். சாகற வரைக்கும் அது எனக்குத் தெரிஞ்சுகூட இருக்காது. கோவத்தோட கோவமா உக்காந்து எழுதினியே, அதுக்கு... நன்றின்னு சொன்னா சிரிப்பே."

"சிரிக்க மாட்டேன்" என்றாள் சின்னவள். கண் கலங்கியிருந்தது. "நீங்க வந்து பக்கத்துல உக்காந்தீங்களே. ஆறு வருஷத்துல அந்த ரூமுக்கு எந்த அதிகாரியும் வந்து உக்காந்ததில்ல. நாங்க மூணு ஷிஃப்ட்டும் அதைத்தான் பேசிக்கிட்டிருக்கோம்."

மாமனார் வாசற்படியில் வந்து நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப எனக்கு வேலை போச்சா?"

"போச்சு மாமா."

"நல்லதாப் போச்சு!" தெருவே கேட்டது.

அவர் போன பிறகு சின்னவள் தாள் ஒன்றை எடுத்துப் பெரியவள் முன் வைத்தாள். மாலை நாலரை மணிக்கு மேற்பார்வையாளர் கையில் கொடுத்தாராம். சுகாதார அலுவலர் கையெழுத்திட்ட மெமோ. உரிய மேலதிகாரிகளைத் தாண்டி ஆணையருக்கு நேரடியாகக் கடிதம் அனுப்பியது ஏன் என்று மூன்று நாளுக்குள் விளக்கம் தர வேண்டும்.

பெரியவளின் முகம் சிவந்தது. "இதை நாளைக்குக் காலையிலேயே..."

"வேண்டாங்க்கா. நீங்க ரத்து பண்ணினா, இன்னிக்கு மன்றத்துல சொன்னதெல்லாம் குடும்பக் கதையாயிடும்."

அது சரி என்று பெரியவளுக்கு உடனே தெரிந்தது. தெரிந்தது வலித்தது. ஒரு தாளை எடுத்து, மெமோ மீதான முடிவைத் தான் எடுப்பது முறையாகாது, தனக்கு மேலுள்ள மண்டல இயக்குநர் முடிவு செய்யட்டும் என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்திட்டாள்.

"அவர் எப்படிப்பட்டவர்க்கா?"

"தெரியாது. புதுசு. திங்கக்கிழமைதான் பொறுப்பேத்துக்கறார்." பெரியவள் பேனாவை மூடினாள். "இனிமே இதுல என்னால உனக்கு ஒண்ணும் பண்ண முடியாது. பயமா இருக்கா?"

"இருக்கு. வேலை போயிடுமோன்னு இருக்கு." சின்னவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "ஆனா நான் யாரையும் தாண்டலைக்கா. இந்தக் கேட் விஷயத்தைப் போன வருஷமே ரெண்டு தடவை மேற்பார்வையாளர்கிட்ட எழுதிக் கொடுத்தேன். மேலே போகவே இல்ல."

"நகல் வச்சிருக்கியா?"

"முதல் கடிதத்துக்கு இருக்கு. ரெண்டாவதுக்கு இல்ல. தேதிகூட ஞாபகமில்ல."

"சரி, உக்காந்து பதில் எழுது. ஒரு வார்த்தை நான் சொல்லித் தர மாட்டேன். ஆனா நீ முடிக்கற வரைக்கும் இங்கேயே இருக்கேன்."

சின்னவள் கை கழுவிவிட்டு வந்து தாளை எடுத்தாள். பெரியவள் பட்டாணிக் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முதல் வரியை எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள் சின்னவள். முதல் கடிதத்தின் தேதியைக் குறித்தாள். இரண்டாவது கடிதம் என்று எழுதி, தேதி வர வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்துவிட்டு, அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.